குமிழ் இல்லாத மிக்சர்

ஷானவாஸின் இருபத்துநாலு சேனல் சவுண்டு மிக்சர் ஒரு கிளாஸ் சாயாவில் செத்துப்போனது.

ஒரு கிளப்பின் ஆண்டுவிழா அன்று. கையிலிருந்த கிளாஸை வைக்க இடம் தேடிய காரியதரிசி, சாய்வாகக் கிடந்த அந்த மிக்சரின் தலைமேல் கொண்டுபோய் வைத்தார். கிளாஸ் வழுக்கியது. சர்க்கரை தூக்கலாகப் போட்ட சாயா ஏழாம் சேனலில் இறங்கி, பதினெட்டு வரை பொறுமையாக நடந்துபோனது. மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் வாயை மட்டும் அசைப்பதைச் சபை கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கைதட்டியது.

"பதினாலு வருசம் ஆச்சு எடீ, நான் வாங்கி" என்று அன்று முழுக்க ஷானவாஸ் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் யாரோ போய்விட்ட மாதிரி முகம்.

அவன் மனைவி ஜுமானா தலையாட்டினாளே தவிர, அவளுக்கு உள்ளுக்குள் அவ்வளவு துக்கம் இல்லை. மட்டாஞ்சேரியில் அவர்களுடைய சவுண்டு சர்வீஸ் இருந்த சந்துக்குள் ஆட்டோ நுழையாது. அந்த மிக்சரை ரெண்டு பேர் சேர்ந்து பஜார் ரோடு வரை தூக்கிக்கொண்டு போகவேண்டும். பின்னாலேயே மலைப்பாம்பு போல ஐம்பது மீட்டர் கேபிள் வேறு. இத்தனையும் கொண்டுபோய் இறக்கினால், ஹால்காரர் மிக்சருக்குக் காட்டும் இடம் எப்போதும் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முன்வரிசையில் எப்படிக் கேட்கும் என்று ஊகித்து ஊகித்தே ஷானவாஸ் பதினாலு வருஷத்தை ஓட்டிவிட்டான். அவன் காது அப்படி. ஆனால் மருதாணி போடும் மைலாஞ்சிக் கல்யாணம், கைதட்டி ஆடும் ஒப்பனா என்று பெண்கள் மட்டும் கூடும் இடங்களுக்கு ஜுமானாதான் போவாள். சுமப்பதும் அவள்தான்.

ஆகவே எர்ணாகுளத்துக் கடையில் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்ததும் அவள் மனசு அதில் ஒட்டிக்கொண்டது.

கடையில் விற்பனைக்கு நின்ற அருண்பாண்டி தேனிக்காரன். கொச்சிக்கு வந்து நாலு வருஷம் ஆகியும் மலையாளத்தைத் தேனித் தமிழின் ராகத்தில்தான் பேசுவான். இவர்கள் தமிழ் பேசுகிறவர்கள் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து மேஜைமேல் ரெண்டு மிக்சர்களை எடுத்து வைத்தான். ஒன்று மடிக்கணினியைவிடக் கொஞ்சம் பெரியது. சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளும் ஃபேடர்கள் வரிசையாக, நடுவில் திரை. இன்னொன்று வெறும் பெட்டி. முன்பக்கம் பதினாறு மைக்குகள் சொருகும் துளைகள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஷானவாஸ் பெட்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். அடியிலும் பார்த்தான். "இதுல குமிழ் எங்கே?"

"குமிழெல்லாம் இதுக்குள்ள இருக்குண்ணே." அருண்பாண்டி ஒரு டேப்லெட்டை நீட்டினான். கண்ணாடித் திரையில் ஃபேடர்கள் வரிசைகட்டி நின்றன. விரலால் தள்ளினான், கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு எழும்பியது. "இதைக் கையில வச்சுக்கிட்டு ஹால் பூராவும் நடக்கலாம். கடைசி வரிசையில உட்காந்துக்கிட்டே மேடையைச் சரி பண்ணலாம்."

"கையில பிடிக்க ஒண்ணுமே இல்லாத சாதனத்தை எப்படிய்யா நம்பறது?" ஷானவாஸ் மற்ற மிக்சரின் ஃபேடர் ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தான். பூனையைத் தடவுகிற மாதிரி.

ஜுமானாவுக்குக் கேட்க வேறு கேள்விகள் இருந்தன. பாடுகிறவர்களுக்கு முன்னால் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனியாக எத்தனை வழி? ஆறு. பெண்கள் பக்கத்துக்கு ஒன்றைத் தனியாக ஒதுக்கலாமா? தாராளமாக ஒதுக்கலாம். ஒரு தடவை அமைத்ததை அப்படியே பத்திரப்படுத்தி, அடுத்த வாரம் எடுக்கலாமா? எடுக்கலாம்.

"சரி, வைஃபை போயிட்டா?"

அருண்பாண்டி சிரித்தான். "நல்ல கேள்விக்கா. வைஃபை போனா பாட்டு நிக்காது. மிக்சர் கடைசியா நீங்க வச்ச இடத்துலயே ஓடிக்கிட்டிருக்கும். உங்க கைதான் எட்டாது. ஆனா ஒண்ணு, பெட்டிக்குள்ளயே இருக்கற வைஃபையை நம்பாதீங்க, கூட்டம் சேந்தா மூச்சுத் திணறிரும். தனியா ஒரு ரூட்டர் வச்சுக்கங்க. இதுக்குன்னே புதுசா ஒண்ணு."

"ரூட்டர் நம்ம கடையிலயே இருக்கு" என்றான் ஷானவாஸ். அங்கே அவன் தீர்மானமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். ஜுமானாவும் யோசிக்காமல் சரியென்று விட்டாள்.

படகில் திரும்பும்போது பெட்டியை ஒரு பள்ளிக்கூடப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே வெலிங்டன் தீவில் கிரேன்கள் நின்றன. ஷானவாஸ் தண்ணீரைப் பார்த்தபடி, "இதை நீயே பாத்துக்கோ. நான் கண்ணாடியைத் தேய்க்க மாட்டேன். கேபிள் இழுக்கறேன், ஸ்பீக்கர் நிறுத்தறேன், மதி, அது போதும்" என்றான்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அப்படிச் சொன்னதால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் விருந்தின் முழுப் பொறுப்பும் ஜுமானாவின் தலையில் வந்து உட்கார்ந்தது.

கல்யாணம் அதே சந்தில், நாலு வீடு தள்ளி இருந்த மொய்துக்காவின் மகள் ஹஸீபாவுக்கு. மொய்துக்கா சுக்கு வியாபாரத் தரகர். ஒரு பிடி சுக்கை மோந்து பார்த்து எந்த மலையில் விளைந்தது என்று சொல்லிவிடுவார்; ஆனால் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வாய் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட மனுஷர் மகள் கல்யாணத்துக்குத் தானே எட்டு வரியில் பாட்டுக் கட்டியிருந்தார். தமிழ்ப் பாட்டு. தமிழ் எழுத்து தெரியாததால் மலையாள எழுத்தில் எழுதி, சட்டைப் பையிலேயே மடித்து வைத்துக்கொண்டு திரிந்தார்.

ஹஸீபா வைட்டிலாவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். புது மிக்சர் வந்த அன்றே கடைக்கு ஓடிவந்துவிட்டாள். "இத்தா, நானும் ஒரு தடவை தள்ளிப் பாக்கட்டா?" என்று கேட்டாள். ஜுமானா அவள் போனிலேயே மிக்சரை இயக்கும் செயலியை ஏற்றிக்கொடுத்தாள். ரெண்டு பேரும் கடைக்குள் உட்கார்ந்து, ஒருத்தி ஏற்ற ஒருத்தி இறக்க, அரைமணி நேரம் விளையாடினார்கள்.

ஞாயிறு பகல் பதினொன்றரை. மிளகு மூட்டை அடுக்கிய பழைய கிடங்கொன்றைக் கல்யாண மண்டபமாக மாற்றியிருந்தார்கள். பெரிய கூடத்தில் மேடையும் ஆண்களும். ஒரு கனத்த சுவருக்கு அந்தப்பக்கம் நீளமான அறையில் பெண்கள். மேடையில் நடப்பதைப் பார்க்க அவர்களுக்கு ஒரு டிவி, கேட்க ரெண்டு ஸ்பீக்கர். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கசல் குழுவைக் கூட்டி வந்திருந்தார்கள். பாடகர், ஹார்மோனியம், தபலா, கீபோர்டு.

ஜுமானா டேப்லெட்டைக் கையிலேந்தி நடந்தாள். முன்வரிசையில் நின்று கேட்டாள், பாடகரின் குரலில் கொஞ்சம் கூர்மையைக் குறைத்தாள். பின்வரிசைக்குப் போய் தபலாவை ஒரு விரல்நகம் அளவு ஏற்றினாள். இத்தனை நாளும் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து இதை ஊகித்துக்கொண்டிருந்தோமே என்று சிரிப்பு வந்தது. பிறகு பெண்கள் பக்கம் போனாள்.

கதவைத் தாண்டியதும் அவளுக்கு முகம் சுண்டியது. அங்கே பாட்டே கேட்கவில்லை. ஏதோ ஒரு மனிதர் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து முனகுகிற மாதிரி இருந்தது. வயதான ஒருத்தி காதில் கைவைத்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பாட்டைக் கைவிட்டு வேறு கதைக்குப் போயிருந்தார்கள். எந்தக் கல்யாணத்திலும் பெண்கள் பக்கம் இப்படித்தான் கேட்கும் என்று ஜுமானாவுக்குத் தெரியும்; அவளும் இப்படி எத்தனையோ கல்யாணங்களில் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் சரிசெய்யும் சாதனத்தோடு இந்தப் பக்கம் யாரும் இதுவரை வந்ததில்லை.

அவள் நடு அறையில் நின்று, அந்த ரெண்டு ஸ்பீக்கருக்குப் போகும் வழியைத் தனியாகத் திறந்தாள். அடித்தொண்டையின் கனத்தை வெட்டினாள். ஹார்மோனியத்தைப் பாதியாக்கினாள். குரலை மேலே தூக்கினாள். ஒரு மூடியைத் திறந்த மாதிரி பாட்டு அறைக்குள் வந்தது.

காதில் கைவைத்திருந்தவள் கையை எடுத்தாள். "அட, இவர் உருதுல பாடறாரா!" என்றாள். அறையே சிரித்தது.

அறைக் கோடியில் சிவப்புப் பட்டில் ஹஸீபா உட்கார்ந்திருந்தாள். ஜுமானா அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பெரிய கூடத்துக்குத் திரும்பினாள். சந்தோஷம் அங்கே போய்ச் சேரும்வரைதான் இருந்தது.

திரையில் நாலாவது ஃபேடர் தானாக ஏறிக்கொண்டிருந்தது.

நாலாவது சேனல் மொய்துக்காவுக்கென்று ஒதுக்கிய மைக். மேடையின் ஓரத்தில் சும்மா நின்றது. அவர் பாட இன்னும் நேரம் இருந்ததால் அதை அடியில் இறக்கி வைத்திருந்தாள். இப்போது அது பாதிக்கு வந்துவிட்டது. ஜுமானா விரலால் இறக்கினாள். நாலு நொடியில் மறுபடி ஏறியது. இறக்கினாள். ஏறியது. ஸ்பீக்கரில் லேசாக ஒரு ரீங்காரம் கிளம்பி, கூவுவதற்குத் தொண்டையைச் செருமியது. பாடகர் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார்.

முதலில் அவள் சந்தேகப்பட்டது புருஷனைத்தான். ஷானவாஸ் மேடைப் பக்கம் பெட்டிக்குக் காவல் நின்றுகொண்டிருந்தான், ரெண்டு கையும் பேன்ட் பைக்குள். "நான் தொடவே இல்ல. இதுல தொட என்ன இருக்கு?" என்றான். அடுத்தது மொய்துக்கா. அவரிடம் இருந்தது பட்டன் போன், அதுவும் அணைந்து கிடந்தது. அவர் தூணோரமாக நின்று சட்டைப் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபேடர் மறுபடி ஏறியது. இப்போது டேப்லெட்டும் தள்ளாடியது. அவள் விரல் போய் ரெண்டு நொடி கழித்துத்தான் ஃபேடர் நகர்ந்தது. ஜுமானா ரூட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். இணைந்திருக்கும் கருவிகள் நாற்பத்தொன்று.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடை ரூட்டரை அதே பெயரோடும் அதே கடவுச்சொல்லோடும் இங்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தச் சந்தில் வசிக்கும் ஒவ்வொருத்தரும் எப்போதாவது கடை வாசலில் நின்று அந்த வைஃபையை வாங்கியவர்கள்தான். சந்து முழுக்க இன்று கல்யாணத்தில் இருந்தது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் அத்தனை பேர் போனும் பழகின வீட்டுக்குள் போகிற மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அதில் யாரோ ஒருவர் மிக்சரையே திறந்து வைத்துக்கொண்டு விளையாடுகிறார்.

"இக்கா, ரூட்டரை அணைச்சு வேற பேரு, வேற கடவுச்சொல் போடணும். ரெண்டு மூணு நிமிசம் ஆகும். அதுவரைக்கும் என் கையில ஒண்ணும் இருக்காது" என்று ஷானவாஸிடம் சொன்னாள்.

"பாட்டு நின்னுருமா?"

"நிக்காது. இருக்கற மாதிரியே ஓடும்."

கசல் முடிந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் மைக்கைப் பிடித்து வாழ்த்துப் பேச ஆரம்பித்தார். ஆகிருதியைப் பார்த்தால் பத்து நிமிடத்துக்குக் குறையாது என்று பட்டது. இதுதான் சமயம் என்று ஜுமானா நாலாம் ஃபேடரை அடிக்கு இழுத்துவிட்டு, ரூட்டரில் புதுப் பேரையும் கடவுச்சொல்லையும் பதித்து, வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள்.

மாமா மூன்றே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். "இனி, மணமகளின் தந்தை ஒரு பாட்டுப் பாடுவார்!"

கூடம் கைதட்டியது. ஜுமானாவின் கையில் இருந்த டேப்லெட்டில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மொய்துக்கா மேடையேறினார். கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார். மைக்குக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். காகிதத்தைப் பிரித்தார். குழு மெல்ல வாசிக்கத் தொடங்கியது. அவர் உதடு அசைந்தது. கீபோர்டு மட்டும் கேட்டது.

மைக் அடியில் கிடக்கிறது. யார் இறக்கினது? நான்தான். ஜுமானா குனிந்து விளக்குகளைப் பார்த்தாள். ரூட்டரில் ஒரு விளக்கு எரிந்தது, இன்னும் ரெண்டு எரியவேண்டும். மகள் கல்யாணத்தில் ஒருவர் வாழ்க்கையில் ஒரே தடவை பாடுகிறார், எட்டே வரி. அதில் ரெண்டு வரி ஏற்கெனவே காற்றில் போய்விட்டது.

அப்போது ஷானவாஸ் மேடையில் இருந்தான். எப்போது ஏறினான் என்று அவள் பார்க்கவில்லை. நேராகக் கீபோர்டுக்காரரிடம் போய், அனுமதியெல்லாம் கேட்காமல், அவர் வாத்தியத்தின் குமிழைத் திருகிக் குறைத்தான். ஹார்மோனியக்காரரிடம் கையால் 'மெல்ல' என்று காட்டினான். கசல் பாடகரின் மைக், நன்றாகத் திறந்திருந்த மைக், அதை ஸ்டாண்டோடு பிடுங்கிக் கொண்டுவந்து மொய்துக்காவின் வாய்க்கு நாலு விரல்கடை தூரத்தில் நிறுத்தினான். முதுகில் கைவைத்து, "முதல்ல இருந்து, மொய்துக்கா. யாரும் எங்கேயும் போகல" என்றான். அது மைக்கிலும் கேட்டது. கூட்டம் சிரித்தது. மொய்துக்காவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் வாய் திறந்தது.

*சுக்கு வாசம் வீசும் சந்தில்
சுற்றித் திரிந்த சின்னப் பெண்ணே
இக்கரைக்கும் அக்கரைக்கும்
எத்தனை தூரம் சொல்லு கண்ணே*

குரல் ஒன்றும் பெரிதில்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் நடுக்கம். ஆனால் சுருதி விலகவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ரூட்டரின் மூன்றாம் விளக்கு எரிந்தது. டேப்லெட் மிக்சரோடு சேர்ந்தது. ஜுமானா குரலைக் கொஞ்சம் ஏற்றி, பின்னால் துளி எதிரொலி சேர்த்தாள், அவ்வளவுதான். மீதி வேலையை அந்த நாலு விரல்கடை செய்துகொண்டிருந்தது.

சட்டென்று பெண்கள் பக்கம் ஞாபகம் வந்தது. ஓடினாள்.

அங்கே பாட்டுக் கேட்டது, ஆனால் மங்கலாக. அந்த வழியைக் கசல் பாடகரின் பெரிய குரலுக்கு அல்லவா அமைத்திருந்தாள். கோடியில் மணப்பெண் தலையைக் குனிந்திருந்தாள். வெட்கம் என்று பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள். மடியில், துப்பட்டாவுக்கு அடியில், மைலாஞ்சி போட்ட கட்டைவிரல் ஒரு போனைப் போட்டுக் குத்திக்கொண்டிருந்தது.

ஜுமானா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நீயா?"

ஹஸீபா நிமிர்ந்தாள். மை கலைந்திருந்தது. "இத்தா, அந்தத் திரையில வாப்பா பேரு மட்டும் அடியில கெடந்துச்சு. எல்லாரும் மேல இருக்காங்க. மறந்துட்டீங்களோன்னு ஏத்தி வச்சேன். ஏத்த ஏத்த இறங்குது. இப்ப எதுவுமே வேலை செய்யல."

"ஆளில்லாத மைக்கை ஏத்துனா கூவும்டி. நான் பயந்து பயந்து இறக்கிட்டிருந்தேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? வாப்பா சத்தமாப் பேசிக்கூட நான் கேட்டதில்ல."

திட்ட வந்த வாய்க்கு வேறு வேலை கிடைத்தது. ஜுமானா அவள் போனை வாங்கினாள். புதுக் கடவுச்சொல்லைப் போட்டாள். பிறகு டேப்லெட்டில், அந்தப் போனுக்கு ஒரே ஒரு வழியை மட்டும் திறந்துவிட்டாள். அது இந்த அறையின் ரெண்டு ஸ்பீக்கர். "இனி நீ என்ன தள்ளினாலும் இந்தப் பக்கம் மட்டும்தான் மாறும். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க காதுக்கு ஒண்ணும் ஆகாது. பாடகரோட மைக்குல, ஒண்ணாவது சேனல்ல இருக்காரு உங்க வாப்பா. மெல்லத் தள்ளு."

ஹஸீபா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தள்ளினாள். மொய்துக்காவின் குரல் அறையில் எழுந்து நின்றது. மகள் நிறுத்தவில்லை, இன்னும் கொஞ்சம் தள்ளினாள். தேவைக்கு மேலேதான். ஜுமானா தடுக்கவில்லை. டிவியில் அந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு, காகிதத்தைப் பார்க்காமலே பாடிக்கொண்டிருந்தார். அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பிப் பெண்ணைப் பார்த்தார்கள். அவளோ ஒரு விரலைக் கண்ணாடியிலும் ஒரு கண்ணை டிவியிலும் வைத்துக்கொண்டு, எல்லாரையும் மறந்திருந்தாள்.

மூன்றரைக்கு விருந்து முடிந்தது. நாலு மணிக்கு ஹஸீபா காரில் ஏறினாள். அழுகையும் சிரிப்புமாக எல்லாம் நடந்தது. அதுவும் மாப்பிள்ளை வீடு இருந்த வைட்டிலா வரைக்கும்தான், எட்டுப் பத்து கிலோமீட்டர்.

கூடத்தில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பிரியாணி அண்டாக்களைச் சமையல்காரர்கள் உருட்டிக்கொண்டு போனார்கள். ஷானவாஸ் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தான். "அந்தக் கீபோர்டுக்காரன் இனிமே என்னோட பேச மாட்டான்" என்றான்.

"அவனை நான் சமாதானப்படுத்திக்கிறேன்" என்றாள் ஜுமானா. இன்னும் சொல்ல நினைத்தாள். அதற்குள் மொய்துக்கா வந்துவிட்டார்.

"மோளே, இதுல ரிக்கார்டு ஆகும்னு ஷானவாஸ் சொன்னான்."

ஆகியிருந்தது. பெட்டியில் சொருகியிருந்த பென்டிரைவில் காலையிலிருந்து எல்லாம் பதிவாகியிருந்தது. ஜுமானா ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டி, பாட்டைத் தேடி எடுத்து ஓட்டினாள். மொய்துக்கா நின்றபடியே கேட்டார். முகத்தில் எதுவும் அசையவில்லை. சுக்கை மோந்து பார்க்கும்போது இருக்கும் அதே முகம்.

முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "ஆறாவது வரியில தப்பு விட்டிருக்கேன்."

"யாருக்கும் தெரியல மொய்துக்கா."

"எனக்குத் தெரியுதே." அவர் மேடையைப் பார்த்தார். மைக் இன்னும் நின்றுகொண்டிருந்தது. "இன்னொரு தடவை பாடட்டா? அவளுக்கு அனுப்பிக் குடுக்கலாம்."

கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் ஏறிப் போய் நின்றார். வாத்தியம் இல்லை, கூட்டம் இல்லை. தானே மைக்குக்கு நாலு விரல்கடை கிட்டத்தில் நின்றார். கேபிள் பிடுங்கக் குனிந்த ஷானவாஸை ஜுமானா கைகாட்டி நிறுத்தினாள். அவன் சுற்றிய கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஜுமானா பதிவுப் பொத்தானைத் தொட்டாள். அண்டா உருட்டிய சமையல்காரர் ஒருவர், சத்தம் போடாமல் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.